சித்திரையிலேயே நின்ற இதயம்

விருத்தாசலத்தில் கோடை எட்டு மாதமாக நீண்டுவிட்டிருந்தது. தார் ரோட்டில் தோசை ஊற்றினால் திருப்பிப் போடுவதற்குள் கருகியது. காக்கைகள் தங்கள் நிழலைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டே பறந்தன. மிஞ்சியது ஒரே ஒரு கிழட்டுக் காக்கை. மனிதர்களோ குளிர்மனைக்குள் புகுந்து, கோடை முடியும்வரை நான்கு டிகிரியில் குளிர்த்துயில் கொண்டார்கள்.

புகுந்ததும் படுத்துவிட முடியாது. நாற்பது நாள் குளிர்ப்பழக்கம் உண்டு. பழகாத இதயம் அந்தக் குளிரில் கால்சியத்தை அடக்கத் தெரியாமல் கன்னாபின்னாவென்று துடித்து நின்றுவிடும். பழகிய இதயம், செல்களின் வெளிப்புறக் கால்சியக் கதவுகளில் பாதிக்கு மேல் சாத்திவிட்டு, உள்ளறைக் கையிருப்பை வைத்தே நிமிடத்துக்கு நாலு தட்டுத் தட்டிக்கொண்டு சொகுசாகக் கிடக்கும். பனிதேசத்து அணில்களிடம் கற்ற வித்தை.

முதல் நாள் செங்கமலம் கணவர் பூவராகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காக்காவுக்கு வைக்காம சாப்பிட்டுடாதீங்க. எழிலு பட்டினி கிடப்பான்."

மகன் எழிலன் இரண்டு கோடைக்கு முன் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவன்.

பூவராகன் ஒரு நாளும் தவறவில்லை. பின்கதவு வழியே நழுவி, மதிலில் சோற்றை வைத்து, "வாடா ராசா, கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கை வர மூன்று மணி நேரமாகும். அதற்குள் சோறே பொரியாகிவிடும். இட்லிப் பானையிலிருந்து எடுத்தவர் மாதிரி ஆவி பறக்கத் திரும்புவார்.

நாற்பதாம் நாள் மருத்துவர் நசீமா அவர் மார்பில் துடிப்புமானியை வைத்துப் பார்த்தார்.

"ஐயா, எல்லார் இதயமும் மார்கழிக்குப் போயிடுச்சு. உங்களுது சித்திரையிலேயே நிக்குது! தினம் எங்க போனீங்க?"

"காக்காவுக்குச் சோறு வைக்க, டாக்டரம்மா."

"உங்களைப் படுக்க வெச்சா பத்தே நிமிஷத்துல நின்னுடும். வெளியதான் இருந்தாகணும்."

"இன்னொரு நாற்பது நாள் பழக்குங்களேன்?"

"இன்னிக்கே மொத்த மனையையும் நாலு டிகிரிக்கு இறக்கறாங்க ஐயா."

போன கோடையில் வெளியே தங்கியவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பூவராகன் செங்கமலத்தின் துயில்பேழையருகே போனார். அவர் விரலில் முள் குத்தினாலே தெருவைக் கூட்டுகிறவள். சேதி கேட்டால் பேழையை உடைத்துக்கொண்டு கூடவே வந்துவிடுவாளே என்று பயம். உள்ளூர ஆசையும்தான்.

சொன்னார். முழுதும் கேட்டாள். இன்னும் துயிலில் ஆழாத அவளுக்குத் தலைமாட்டுத் துடிப்புமானி முப்பத்தொன்று காட்டியது, முப்பத்தொன்றிலேயே நின்றது. பயமோ பாசமோ வந்தால் இதயத்தை முடுக்கிவிடுவதும் பழக்கத்தில் சாத்திய அதே கால்சியக் கதவுகள்தான். குளிர்மனை விளம்பரத்தில் அதை யாரும் போடவில்லை.

"நீ சொன்னியேன்னுதான் வெச்சேன், கமலம்."

"சொன்னேன்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிர் வெளிய போகுது."

நசீமா திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பிரமாதம்! இவ்வளவு நல்லாப் பழகின இதயத்தை நான் பார்த்ததே இல்ல."

பூவராகன் வெளியே வந்து கதவைச் சாத்தினார். மதிலில் காக்கை, அன்றைக்கென்று, அவருக்கு முன்பே வந்து காத்திருந்தது.