பதில் வராத நீல டிக்

காவ்யஸ்ரீ படியேறி வந்தபோது மணி பன்னிரண்டேகால். ஆனையூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ரகசியமாக விசாரிக்கச் சொல்லி வருகிறவர்கள்கூட நல்ல நாள் பார்த்துத்தான் வருவார்கள். இந்தப் பெண்ணோ இடது காலில் ஒரு செருப்பும் வலது காலில் வேறொரு செருப்புமாக வந்து நின்றாள். அருள்பாண்டிதான் அதை முதலில் கவனித்தான்.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம்" என்றாள்.

ராமக்காள் எதிர் நாற்காலியைக் காட்டினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு துப்பறிவதையே பிழைப்பாக்கிக்கொண்டவள் அவள். அவசரம் என்ற சொல்லே அவள் அகராதியில் கிடையாது. அவளுக்குக் கார் ஓட்டும் அருள்பாண்டி நேர்மாறு. உசிலம்பட்டிக்காரன், நாற்பதை நெருங்குகிறவன், கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், முழுக்கதையும் கேட்பதற்கு முன்பே சாவியைக் கையில் எடுத்துவிடுவான். இப்போதும் எடுத்துவிட்டான்.

"உக்காரு அருளு" என்றாள் ராமக்காள், திரும்பிப் பார்க்காமலே.

கதை இதுதான். சாய்பிரசாத்துக்கு வயது முப்பத்துநாலு. விளாங்குடியில் வீடு. சேலை பார்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட வானத்துக்குக் கீழே படுத்ததில்லை. போன மாதம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தான்: பட்ஜெட் கேம்பிங் சஃபாரி, ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஜீப், டென்ட், சாப்பாடு, காட்டெருமை தரிசனம். அன்றிலிருந்து மனுஷன் தூக்கத்தில்கூட டென்ட் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப் எல்லாம் ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை மழை வரும் என்று செய்தி வந்ததும் எட்டுப் பேர் கழன்றுகொண்டார்கள். இவன் மட்டும் போனான்.

"மழையில நனையாம டென்ட்டுக்குள்ள படுக்கணுமாம், அதான் த்ரில்லாம். புளியோதரை கட்டிக் குடுத்து நானேதான் பஸ் ஏத்தி விட்டேன்." காவ்யஸ்ரீ மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காலையில குரூப்புல மெசேஜ் போட்டிருக்கார், என்னையும் அதுல சேர்த்திருந்தார். பஸ் ஏறியிருந்தா ஒன்பது மணிக்கெல்லாம் வந்திருக்கணும். போன் ஆஃப்ல இருக்கு. ஸ்டேஷன்ல, பெரிய ஆளு, வந்துருவாரு, நாளைக்குப் பார்க்கலாம்னுட்டாங்க."

அருள்பாண்டி போனை வாங்கி அந்த மெசேஜை வாய்விட்டுப் படித்தான். காலை ஆறு நாற்பத்தொன்று. "உடம்பு சரியில்லை. முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். ட்ரிப் சூப்பர். அடுத்த தடவை எல்லாரும் கண்டிப்பாக வாங்க."

"உங்களுக்குத் தனியா என்ன போட்டிருந்தார்?" என்று கேட்டாள் ராமக்காள்.

"ஒண்ணுமே போடலையே மேடம். ராத்திரி ஒன்பதரைக்கு நான் ஒண்ணு அனுப்பினேன். ராத்திரி பூரா ஒத்தை டிக்லயே கிடந்துச்சு. காலையில ஆறு முப்பத்தெட்டுக்குப் பார்த்திருக்கார், டிக் ரெண்டும் நீலமாயிருச்சு. பதில் இல்லை. எனக்குப் பயமே அதுலதான். தும்மினாக்கூட எனக்குச் சொல்ற மனுஷன்."

அருள்பாண்டி அந்தப் பக்கத்தையும் திறந்தான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான், முகத்தைச் சுளித்தான். "எழுத்து தமிழாத்தேன் இருக்கு. ஒரு எழவும் விளங்கலையே. இது என்ன பாஷைம்மா?"

"சௌராஷ்ட்ரா. எங்க வீட்டுப் பாஷை. தமிழ் எழுத்துல அடிச்சுக்குவோம். 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டிருக்கேன்."

"போனுக்குப் பூட்டு உண்டா?"

"கிடையாது மேடம். உன்கிட்ட மறைக்க என்ன இருக்குன்னுவார்."

ராமக்காள் ஒரு துண்டுத்தாளில் இரண்டு நேரங்களை எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டாள். பிறகு எழுந்து குடையை எடுத்தாள். எழுந்த வேகத்தைப் பார்த்ததும் அருள்பாண்டி படியில் இறங்கிவிட்டான். எட்டு வருஷத்தில் அவள் அப்படி எழுந்து அவன் பார்த்ததில்லை.

கார் உசிலம்பட்டியைத் தாண்டியது. வழியில் ராமக்காள் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். மேற்கே மலையே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. ராத்திரி பெய்தது போதாதென்று இன்னொரு மழை அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்கவில்லை. அருள்பாண்டி ஒருதரம் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் காவ்யஸ்ரீ விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்கைத்தான் எண்ணுகிறாள் என்று புரிந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

மலையடிவாரத்தில், முள்வேலி போட்ட வேப்பந்தோட்டம் ஒன்றுதான் முகாம். முகாம் நடத்தும் சூரியபிரகாஷ் வாசலுக்கே ஓடிவந்தான். முப்பது வயது இருக்கும், புலிப்படம் போட்ட பனியன், பேச்சில் தேன். சமையல்காரர் கருப்பு, அறுபதைத் தொட்டவர், குழாயடியில் ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்டா ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. அவர் நிமிரவில்லை.

"நம்ம கெஸ்ட் மேடம், எனக்கும் கவலைதான்" என்றான் சூரியபிரகாஷ். "வயித்துவலின்னாரு. விடியக்காலையில நானே ரோட்டுல விட்டேன். வழியில எங்கேயாவது இறங்கிட்டாரோ என்னவோ."

"ராத்திரி எங்கே படுத்தார்?"

"இதோ, இந்த டென்ட்ல."

"காட்டுக்குள்ள போகலையா?"

"சேச்சே, அதெல்லாம் பர்மிஷன் இல்லாம போகக் கூடாது மேடம். எல்லாமே இந்த வேலிக்குள்ளதான்."

"மழை பலமோ?"

"ஒன்பது மணிக்குப் பிடிச்சது, ரெண்டு மணி வரைக்கும் ஊத்தித் தள்ளிருச்சு. அவரு டென்ட்டை விட்டு வெளியவே வரல."

"பாவம், வீட்டுக்குப் பேசக்கூட முடிஞ்சிருக்காது. இங்கே டவர் கிடைக்குமா?"

"ஃபுல் டவர் மேடம். அதைச் சொல்லித்தானே விளம்பரமே பண்றோம்."

ராமக்காள் தலையாட்டினாள். பிறகு, "அருளு, அந்த டென்ட்டைக் கொஞ்சம் தூக்கு" என்றாள்.

அருள்பாண்டி முளைகளைப் பிடுங்கித் தூக்கினான். அடியில் நொதநொதவென்று ஈரம். மண் முழுக்க மழைத்துளி விழுந்து குத்திய புள்ளிப்புள்ளியான குழிகள். உதிர்ந்த வேப்பிலைகள் சேற்றோடு ஒட்டிக்கிடந்தன. டென்ட்டைக் கவிழ்த்தபோது அதன் அடித்துணியில் ஊதாக் கறை திட்டுத்திட்டாக இருந்தது. முகர்ந்து பார்த்தான்.

"நாவப்பழம்க்கா. நசுங்கி அப்பியிருக்கு."

"இந்தத் தோட்டத்துல நாவல் மரம் இருக்கா?"

சுற்றிப் பார்த்தான். "ஒண்ணுகூட இல்லை. இந்தப் பக்கத்துல நாவலோடையிலதேன் உண்டு. அது காட்டுக்குள்ள, ரெண்டு மைல் இருக்கும்." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

குழாயடியில் அண்டா கீழே விழுந்து உருண்டது.

ராமக்காள் குரலை உயர்த்தவில்லை. காவ்யஸ்ரீயின் போனை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, முதலில் கருப்புவிடம் நீட்டினாள். "பெரியவரே, இதைக் கொஞ்சம் படிங்க."

கருப்பு எழுத்துக்கூட்டினார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. "நாலாப்பு படிச்சவன் தாயி... தமிழ் மாதிரி இருக்கு, தமிழா இல்லையே. இது என்ன பாசை?"

ராமக்காள் போனைச் சூரியபிரகாஷிடம் நீட்டினாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தான். "இதுல என்ன மேடம் இருக்கு? புருஷன் பொண்டாட்டி மெசேஜ்."

"ஒண்ணும் இல்லை தம்பி. இது என்ன பாஷைன்னு அருள்பாண்டி கேட்டான். பெரியவர் கேட்டார். முதல் தடவை பார்க்கிற யாரும் கேட்பாங்க. நீங்க கேக்கலை. நீங்க இதைக் காலையிலேயே பார்த்துட்டீங்க, ஆறு முப்பத்தெட்டுக்கு."

சூரியபிரகாஷ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"சாய்பிரசாத் போன் உங்க கையில இருந்துச்சு" என்றாள் ராமக்காள், சுருக்குப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி. "ராத்திரி பூரா அந்த போனுக்கு டவர் இல்லை, ஒத்தை டிக். இங்கே ஃபுல் டவர்னு நீங்களே சொன்னீங்க. அப்போ அவர் இங்கே படுக்கலை. மழைக்கு முந்தி போட்ட டென்ட்டுன்னா அடியில காய்ஞ்ச மண்ணு இருக்கணும், துளி விழுந்த குழி இருக்கக் கூடாது. மழை விட்ட பிறகு, எங்கேயோ நாவல் மரத்தடியில இருந்து பிடுங்கிட்டு வந்து இங்கே நட்டிருக்கீங்க. இந்த ரேட்டுக்குக் காட்டெருமை காட்டணும்னா பர்மிஷன் வாங்கிக் கட்டுபடி ஆகாது, இல்லையா? அங்கே அவருக்கு ஏதோ ஆயிருச்சு. அவர் கிளம்பிட்டதா நீங்க முதல்ல சொல்ல நினைச்சது சம்சாரத்துக்குத்தான். பக்கத்தைத் திறந்தீங்க. தமிழ் எழுத்து, ஆனா ஒரு வார்த்தை புரியலை. தமிழ்ல அடிச்சா அந்தப் பொண்ணு உடனே கண்டுபிடிச்சிருவா. மூணு நிமிஷம் யோசிச்சீங்க. அப்புறம் குரூப்புல போட்டீங்க. உடம்பு சரியில்லாத மனுஷன் அடுத்த ட்ரிப்புக்கு எல்லாரையும் கூப்பிடுவானா தம்பி? உங்க தொழில் புத்தி உங்களைக் காட்டிக் குடுத்திருச்சு."

"அதெல்லாம் கற்பனை மேடம்" என்றான் சூரியபிரகாஷ். அவன் குரலில் இருந்த தேன் வற்றிப்போயிருந்தது.

"மூச்சு இருந்துச்சு தாயி" என்றார் கருப்பு.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி எழுந்து நின்றார். "விடியுறதுக்கு முந்தி படம் எடுக்கணும்னு வெளிய வந்துச்சு அந்தத் தம்பி. காட்டுமாடு முட்டி ஓடைக்குள்ள தள்ளிருச்சு. மூச்சு இருந்துச்சு. தூக்கிட்டுப் போவோம்னு நான் சொன்னேன். இன்னம் கொஞ்ச நேரந்தேன் தாங்குவான், காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனது வெளிய தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் உள்ளதான்னு முதலாளி சொல்லிப்புட்டாரு. நானும் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன், பாவி."

காவ்யஸ்ரீ சூரியபிரகாஷை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கால் மாறிப் போட்ட செருப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேலியைத் தாண்டி நடக்கத் தொடங்கினாள். அந்தப் பார்வையை அருள்பாண்டியால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வழியில் ராமக்காள் பேசிய இரண்டு போன்களும் யாருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. வனத்துறை ஜீப்பும் ஆம்புலன்ஸும் ரோட்டில் வந்து நின்றன. வனக்காவலர் ஒருவர் சூரியபிரகாஷின் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். வேறு இருவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். கருப்பு முன்னால் நடந்து வழி காட்டினார்.

நாவலோடையில் வெளிச்சம் மங்கியிருந்தது. இடி எங்கேயோ உருண்டது. காட்டுமாட்டுக் குளம்படிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. மரத்தடியில் டென்ட் இருந்த இடம் மட்டும் காய்ந்த ஒரு சதுரமாகத் தெரிந்தது. அதற்கப்பால் சரிவு, புதர், ஓடைத் தண்ணீரின் சலசலப்பு. மழைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. "இங்கனதேன் கிடந்தாரு" என்று கருப்பு காட்டிய பாறையில் ரத்தம் மட்டும் இருந்தது.

விலங்கு இழுத்துப் போயிருக்குமோ, தண்ணீர் இழுத்துப் போயிருக்குமோ என்று அருள்பாண்டியின் மனம் போகாத இடமில்லை. ராமக்காள் குடை முனையால் புதரை விலக்கிப் பார்த்தாள். மாடு முட்டிக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

காவ்யஸ்ரீ பாறை விளிம்பில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டுப் பாஷையில் ஒரே ஒரு கேள்வி. காடு அப்படியே கிடந்தது. மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது.

சரிவுக்குக் கீழே, சாய்ந்து கிடந்த நாவல் மரத்தின் வேர்களுக்கு அடியிலிருந்து, மிக மெலிதாக ஏதோ வந்தது. முனகல் என்றுதான் அருள்பாண்டி முதலில் நினைத்தான். பிறகு அது வார்த்தை என்று தெரிந்தது. அவனுக்குப் புரியாத வார்த்தை.

காவலர்கள் கயிற்றோடு சறுக்கி இறங்கினார்கள். "கால்தான் முறிஞ்சிருக்கு, தவழ்ந்து வேருக்கடியில ஒதுங்கியிருக்கார், உசுரு இருக்கு" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"என்னம்மா சொல்றாரு அவரு?" என்று கேட்டான் அருள்பாண்டி.

காவ்யஸ்ரீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்னாள்: "சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். இல்லைங்கிறார்."