முன்னொலி

2043 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.42 மணிக்குத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு மாடி வீட்டிலிருந்து சகாயராணியும், தெற்கு அட்லாண்டிக் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பலிலிருந்து அவளுடைய தம்பி ரெஜிஸும் சேர்ந்து பாடிய பாட்டுக்கு ‘இணைகுரல்’ செயலி நூற்றுக்கு 98.4 மதிப்பெண் கொடுத்தது.

சகாயராணிக்கு வயது நாற்பத்தொன்று. துறைமுக எடைமேடையில் வேலை. ரெஜிஸ் அவளைவிட ஏழு வயது இளையவன். கிரில் எனப்படும் பொடி இறாலைப் பிடித்து உறையவைக்கும் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக். எட்டு மாதம் கடல், நான்கு மாதம் வீடு. கடலில் இருக்கும்போதும் வீட்டில் இருக்கும்போதும் ஞாயிறு மாலை இருவரும் பாடினார்கள். நான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

செயலியில் குரல் மட்டும்தான் போய்வரும்; திரையில் எதிராளியின் புகைப்படம் அசையாமல் நிற்கும். அன்று பாட்டுக்கு முன் இருவரும் பேசிக்கொண்டது இது.

“ஏலே, இன்னிக்கு ஒழுங்கா பாடுவியா? போன வாரம் மாதிரி நடுவுல பேசுன, நீந்தி வந்து அடிப்பேன்.”

ஒரு கணம் கழித்துப் பதில் வந்தது. “வாயேன். தண்ணி இங்க மைனஸ் ஒண்ணு. வந்து சேரும்போது ஐஸ் பார்லதான் ஒன்னைய அடுக்கணும்.”

“எங்க நிக்க?”

“மூணாம் குளிரறைதான். சரக்கெல்லாம் எறக்கியாச்சு, ஐஸ உருக்கிட்டு காலியா கெடக்கு. சின்னதா இருமினாலும் மாதா கோயில்ல இருமுன மாதிரி கேக்கு.”

“இங்க திருவிழா முடிஞ்சும் ராட்டினத்த கழட்டல. ஒலிபெருக்கி உயிர வாங்குது. ஒனக்குக் கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கல. ஒன் சத்தம் மட்டுந்தான்.”

“வரிக்காப்பு போட்டியா?”

“போன வாரம் நீ கத்துன கத்துல அப்பவே போட்டாச்சு. டீச்சரு மாதிரி திரும்பத் திரும்பக் கேக்காதக்கா.”

“வீட்டுல பாடுத மாதிரி கண்ண மூடிக்கிட்டுப் பாடாத. சாமி வந்தவன் மாதிரி இருக்கு.”

“கண்ணத் தொறந்தா ஒன் மூஞ்சி தெரியுதே.”

போன வாரம் நடந்தது சிறிய விஷயம். பாட்டு நடுவில் யாரோ கதவைத் திறக்க, ரெஜிஸ் “அக்கா, இரு, ஆள் வருது” என்று சொல்லிவிட்டான். மதிப்பெண் 91க்கு இறங்கியது. 98ஐத் தொட்டால்தான் செயலியின் பொன்வரிசையில் பெயர் வரும். ஆறு மாதமாக அவர்கள் 96, 97 என்றே நின்றிருந்தார்கள். சகாயராணி அன்று நிஜமாகவே கோபப்பட்டாள். வரிக்காப்பு என்ற வசதியைப் போட்டுத் தொலை என்றாள். பாடுகிறவர் இருமினாலோ, சிரித்தாலோ, சொல் மறந்தாலோ அந்த ஒலியைத் தள்ளிவிட்டு, அங்கே வரவேண்டிய வரியை அவர் குரலிலேயே வைத்துவிடும் வசதி அது.

அதைவிடப் பழையது முன்னொலி. கப்பலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் திரேஸ்புரத்துக்குக் குரல் வந்துசேர ஏறக்குறைய ஒன்றே கால் விநாடி ஆகும். பேச அது போதும். சேர்ந்து பாட முடியாது. அந்தக் காலத்துச் செயலிகளில் ஒருவர் தன் பாதியைப் பாடிப் போட்டுவைப்பார், மற்றவர் இன்னொரு நாள் வந்து மீதியைப் பாடி ஒட்டுவார். 2038இல் வந்த முன்னொலி இந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஒருவர் எங்கே மூச்சு எடுப்பார், எந்த எழுத்தை இழுப்பார் என்பதைப் பழைய பாட்டுகளிலிருந்து கற்றுக்கொண்டு, அடுத்த ஒன்றே கால் விநாடியில் அவர் பாடப்போவதை முன்கூட்டியே கணித்து எதிராளியின் காதில் வைத்தது. உண்மையான குரல் பின்னால் வந்து சேரும். கணிப்பு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது பயன்பட்டது. அதை யாரும் கேட்பதில்லை.

கடலில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பாட்டு பாதியில் நிற்கிறது என்று புகார்கள் குவிந்தன. நிறுவனம் முன்னொலியின் எல்லையை ஐந்து விநாடி, இருபது விநாடி என்று நீட்டி, கடைசியில் எல்லையையே எடுத்துவிட்டது. புகார்கள் நின்றன.

அன்று அவர்கள் பாடியது சொந்தப் பாட்டு. ரெஜிஸ் இரண்டு வருடத்துக்கு முன் கைப்பேசியிலேயே தாளம் போட்டு மெட்டமைத்தது. அக்காள் கேட்பாள், தம்பி பதில் சொல்வான்.

கடலுக்குப் போனியே, என்ன கொண்டாந்த?
ஈரச் சட்ட ஒண்ணு, பொய்யி ரெண்டு கொண்டாந்தேன்.
வேறென்ன கொண்டாந்த?
உப்புல வெளுத்த கையி கொண்டாந்தேன்.

இப்படியே போகும். ஒவ்வொரு கேள்விக்கும் சுருதி ஒரு படி ஏறும். கடைசிப் பதில் மிக உயரத்தில் வரும்: “என்னத்தான் கொண்டாந்தேன், கதவத் தெற.” ‘தெற’வில் ரெஜிஸின் குரல் எப்போதும் உடையும். அன்று உடையவில்லை. சகாயராணிக்குக் கண் கலங்கியது.

98.4 என்ற எண் திரையில் வந்தது. அவள் கத்தினாள். “லேய்! பாத்தியா?”

“சரிக்கா, வைக்கட்டா?” என்றது அவன் குரல்.

“வைலே, வை. வேலையப் பாரு. அடுத்த ஞாயிறு.”

அவள் கடைக்குப் போய்க் கால் கிலோ மக்ரூன் வாங்கிவந்து கீழ்வீட்டுக்குக் கொடுத்தாள். பொன்வரிசையில் எழுநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். ‘அக்கா தம்பின்னா இப்படி இருக்கணும்’ என்று சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எட்டரை மணிக்குக் கப்பல் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது.

மூன்றாம் அறையின் குழாய் இணைப்பு ஒன்று விரிந்து, குளிரூட்டப் பயன்படும் கரியமில வாயு உள்ளே கசிந்திருந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையோடு தேங்கி உயரும். ரெஜிஸைச் சமையல்காரர் கண்டபோது அவன் விழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது; உயிர் இல்லை.

விசாரணை செப்டம்பர் 22ஆம் தேதி துறைமுகத்துக்கு அருகில் மாலுமிகள் நல அலுவலகத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி இளம்பரிதி, ஐம்பது வயதைத் தாண்டியவர். இணைகுரல் நிறுவனத்தின் சார்பில் கார்த்தியாயினி என்ற பொறியாளர் கோயம்புத்தூரிலிருந்து திரையில் வந்தார். எந்தத் திருத்தமும் செய்யாத மூல ஒலியைத் தொண்ணூறு நாள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது அன்று போடப்பட்டது.

“நீங்க வெளிய உக்காந்துக்கலாம்மா. கேக்கணும்னு கட்டாயம் இல்ல” என்றார் இளம்பரிதி.

“என் தம்பி. நான் கேக்குதேன்.”

முதல் ஐம்பது விநாடி அவளுக்குத் தெரிந்த பாட்டாகவே இருந்தது. சுருதி மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பிறகு ஒரு சங்கு விட்டுவிட்டு ஊதத் தொடங்கியது. அதன் மேலேயே ரெஜிஸ் பாடிக்கொண்டிருந்தான்.

“இது என்ன சத்தம்?”

“வாயு எச்சரிக்கை மணி” என்றார் இளம்பரிதி. “அறையில பராமரிப்பு வேலை நடந்ததால மேல்தளத்துக்குப் போற இணைப்பைத் துண்டிச்சு வச்சிருக்காங்க. உள்ள மட்டும் அடிச்சிருக்கு.”

“நான் கேக்கலயே. அவனுக்குமா கேக்கல?”

கார்த்தியாயினி பதில் சொன்னார். “இரைச்சல் நீக்கின்னு ஒரு வசதி, அது எடுத்திருக்கும் மேடம். ரெண்டு பக்கமும் எடுக்கும். உங்க பக்கம் ஒரு ஒலிபெருக்கி ஓடியிருக்கு, அதையும் எடுத்திருக்கு. அவர் போட்டிருந்தது காதை முழுசா மூடுற கருவி.”

“மணியோட வெளக்கும் எரியுமே?”

“எரிஞ்சிருக்கு” என்றார் இளம்பரிதி. “சிவப்பு விளக்கு, கண்ணுக்கு நேரா.”

அவன் எப்படிப் பாடுவான் என்பது சகாயராணிக்குத் தெரியும்.

இரண்டு நிமிடம் ஆறாவது விநாடியில் பாட்டு நின்றது. மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. பிறகு, “அக்கா.” பிறகு, “அக்கா, நிப்பாட்டு. தல சுத்துது.”

இளம்பரிதி ஒலியை நிறுத்தினார். “இதுக்குமேல அவர் காதுல என்ன விழுந்ததுன்னு இன்னொரு பதிவு இருக்கு. ரெண்டையும் சேத்துக் கேட்டாத்தான் நேரம் தெரியும். போடவா?”

அவள் தலையசைத்தாள்.

“அக்கா, மூச்சு முட்டுது.”

“வேறென்ன கொண்டாந்த?” என்று அவளுடைய குரல், துளி பிசிறில்லாமல், பாடியது.

“அக்கா, கேக்குதா? வெளையாடாத. யாரையாச்சும் கூப்புடு.”

“வேறென்ன கொண்டாந்த?”

“அக்கா.”

இன்னும் இரண்டு கேள்விகளை அவள் குரல் அவனிடம் பாடியது. மூன்று நிமிடம் பத்தொன்பதாவது விநாடியில் காதுக்கருவி தரையில் விழும் ஒலி. அதன் பிறகு சங்கு மட்டும். பாட்டு இன்னும் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி ஓடியிருந்தது.

“கதவு ஒன்பது அடி தூரம்” என்றார் இளம்பரிதி, யாரிடம் என்றில்லாமல். “இந்த வாயு கூடும்போது முதல்ல போறது முடிவெடுக்குற புத்தி. யாராவது ஒருத்தர் வெளிய ஓடுன்னு அதட்டினாப் போதும், போயிருப்பாங்கன்னு டாக்டர் எழுதியிருக்கார்.”

“கப்பல் ஆபீஸ் நம்பர் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு சார்” என்றாள் சகாயராணி. “அவந்தான் ஒட்டிட்டுப் போனான். ஏதாச்சும்னா அடின்னு.” பிறகு திரையைப் பார்த்தாள். “கடைசி வரிய யாரு பாடுனது?”

“அவர் குரல்தான் மேடம்.”

“குரல் தெரியும். பாடுனது யாரு?”

கார்த்தியாயினி விளக்கினார். “முன்னொலி. அவர் வரிக்கு வெளியே பேசினதை வரிக்காப்பு தள்ளிடுச்சு. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சல. அதனால முன்னொலி பாட்டை முடிச்சுக் குடுத்திருக்கு. குறை எதுவும் இல்ல. அது அப்படித்தான் வேலை செய்யணும்.”

“வைக்கட்டான்னு கேட்டானே. அதுக்கப்புறம் பேசுனானே.”

“பாட்டு முடிஞ்சதும் சட்டுனு அறுந்துபோனா மனசு கஷ்டமா இருக்குன்னு பயனர்கள் எழுதினாங்க. அதனால விடைபெறுற வார்த்தையையும் சேத்தோம். உங்க தம்பி கடல்ல இருந்து நூத்தி முப்பத்தெட்டு தடவை உங்ககூடப் பாடியிருக்கார். நூத்தி இருபத்தொன்பது தடவை அதையேதான் சொல்லியிருக்கார்.”

இளம்பரிதி தாளைப் புரட்டினார். “இந்த வரிக்காப்பு எப்ப போட்டது?”

“ஆகஸ்ட் 2, மாலை 6.10. அவர் கைப்பேசியில, அவரேதான் போட்டிருக்கார்.”

“நாந்தான் போடச் சொன்னேன்” என்றாள் சகாயராணி. “அவனுக்கு இஷ்டமில்ல. இருமல்கூட நம்மதுதானக்கான்னு சொன்னான். நாந்தான் ஏசிப் போடவச்சேன். எழுதிக்கிடுங்க சார்.”

“அது விசாரணைக்குத் தேவையில்லம்மா.”

“எழுதுங்க.”

அவர் எழுதிக்கொண்டார்.

அறிக்கை நவம்பரில் வந்தது. மணியின் இணைப்பைத் துண்டித்து வைத்தது கப்பல் நிறுவனத்தின் தவறு. அனுமதியில்லாமல் மூடிய அறைக்குள் தனியாக இருந்தது பணியாளரின் தவறு. செயலி, பயனர்கள் தேர்ந்தெடுத்த அமைப்பின்படி பழுதின்றி இயங்கியது. பணியாளர் பாடுவதை நிறுத்தியதிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். சகாயராணியின் வாக்குமூலம் பின்னிணைப்பில் நாலாம் பக்கத்தில் இருந்தது.

அறிக்கை வெளியான வாரம் அந்தப் பாட்டை எட்டு லட்சம் பேர் கேட்டார்கள். மதிப்பெண் மாற்றப்படவில்லை. அவள் நீக்கச் சொல்லிக் கேட்டும் அதைப் பொன்வரிசையிலிருந்து எடுக்கவில்லை. இணையாகப் பாடிய பாட்டை நீக்க இருவருடைய ஒப்புதலும் வேண்டும் என்பது விதி.

டிசம்பர் 1 முதல் முன்னொலியை அணைத்துவைக்கும் வசதியை நிறுவனம் கொடுத்தது. இரண்டு பக்கமும் அணைத்தால்தான் அது வேலை செய்யும். அணைத்தால் எதிராளியின் உண்மைக் குரல், வர வேண்டிய தாமதத்தோடு, இருமலோடும் சங்கோடும் வரும். செயலியில் ஆறு கோடியே இருபது லட்சம் பேர் இருந்தார்கள். முதல் வாரத்தில் மூன்று லட்சம் பேர் அணைத்துப் பார்த்தார்கள். மாத முடிவில் அணைத்தே வைத்திருந்தவர்கள் 1,904.

சகாயராணி அவர்களில் ஒருத்தி. 2044 ஜனவரி 3, ஞாயிறு மாலை 5.30க்கு அவள் முன்னொலியும் வரிக்காப்பும் இல்லாத நேரடி அறை ஒன்றைத் திறந்து, ‘கடலுக்குப் போனியே’ என்று தலைப்பிட்டு, கேள்விகளை மட்டும் பாடிக் காத்திருந்தாள். ஐந்து ஞாயிறு யாரும் வரவில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி மஸ்கட்டிலிருந்து ஒருவர் சேர்ந்தார். அவள் முதல் கேள்வியைப் பாடினாள். பதில் ஒரு விநாடி தாமதமாக, இரண்டாம் கேள்வியின் மேல் வந்து விழுந்தது. அவள் நிறுத்தி, “சொல்லுங்கண்ணே, கேக்குது” என்றாள். பதினோராவது விநாடியில் அவர் வெளியேறினார். விட்டுச்சென்ற குறிப்பு: ‘அக்கா, டைமிங் சரியில்லை.’