ஒன்பதாம் சென்சார்

போன் அலறியது.

காலை பதினொன்று. கண்காணிப்பு அறையில் அவள் மட்டும். எடுத்தாள்... மேலாளர்.

"ஒன்பதாம் சென்சார்ல அலாரம் வந்தா அணைச்சிடும்மா. சும்மா சோதனைதான்."

வைத்துவிட்டார்.

இரண்டே நிமிடம். திரையில் ஒன்பது சிவந்தது. அலாரம்!



ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் கடலடியில், பழைய எரிவாயுக் கிணற்றுக்குள் அடைத்து சிமென்ட் மூடி போட்டிருந்தார்கள். கசிகிறதா என்று பார்ப்பது அவள் உத்தியோகம். அவள் தூங்கி வழிகிறாளா என்று பார்க்க, அவ்வப்போது வேண்டுமென்றே கொஞ்சம் வாயுவைக் கசிய விடுவார்கள். ஆனால் காவலில் இருப்பவரிடம் முன்னாலேயே மூச்சு விடக் கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சோதனை?

இந்த மனிதர் சொல்லிவிட்டாரே... அப்படியானால் இது நிஜம்!

அவள் கணவன் கடலில் மூழ்கி வேலை செய்யும் டைவர். மூடியில் விரிசல் என்று போன வாரம் மேலாளரிடம் சொன்னவன். இன்று பதினொன்றுக்கு அதே மூடியருகே அவனைத் தனியாக இறங்கச் சொல்லியிருந்தார்கள். கப்பலில் இருந்த இன்னொரு டைவர் மேலாளரின் மருமகன்.

கப்பலை அழைத்தாள். மேலாளர் சொன்னதைச் சொல்லி, அவனை மேலே ஏற்றும்படி கெஞ்சினாள். பார்க்கிறேன் என்று கேப்டன் வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. மேலாளர்!

தாழ்ப்பாளைப் போட்டார். ரிசீவரை அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

"சோதனைன்னா சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே சார்?"

அவர் முகம் வெளிறியது. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"இன்னும் பத்து நிமிஷம்மா. மூடியை டைவர் உடைச்சுட்டான்னு எழுதிடுவேன். மூடி பலமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் நான்."



மேசையில் கப்பலோடு பேசும் ஸ்பீக்கர் கரகரத்தது. கேப்டன்.

"சார், டைவருக்கு உடம்பு சரியில்ல. அவருக்குப் பதிலா உங்க மருமகன் இறங்கியிருக்காரு. எந்தப் பக்கம் பார்க்கணும்னு கேக்கறாரு..."

மேலாளர் மைக்கின் மேல் பாய்ந்தார்.

"ஏத்துங்க அவனை! மூடி பிச்சுக்கப் போகுது! காலையில நான்தான் அழுத்தத்தை ஏத்தி விட்டேன்... சீக்கிரம்!"



ஸ்பீக்கரில் வேறொரு குரல். அவள் கணவனுடையது! அவள் நாற்காலியில் சரிந்து அழுதாள்.

"நான் இன்னும் ஏணியிலதான் சார் நிக்கிறேன். உங்க மருமகன் இங்க டீ குடிச்சுக்கிட்டு நீங்க சொன்னதைக் கேட்டுட்டார். கீழ மீனுங்க மட்டும்தான்... அதுங்க உங்க கையெழுத்தை நம்பி இறங்கலை."