மரப்பு இறங்கவில்லை

இரண்டு மணிநேரத்தில் மரப்பு இறங்கிவிடும் என்று பல் டாக்டர் ஆன்ட்ரூஸ் சொல்லி ஒரு நாள் முழுதாக ஓடிவிட்டது. செல்லக்கனிக்குத் தன் கீழுதடு எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. காலையில் குடித்த, பால் விடாத கட்டஞ்சாயா சொட்டி, சேலை நனைந்த பிறகுதான் வாய் ஒழுகுவதே புரிந்தது.

தப்பு அவளுடையதுதான். எலும்பில் திருகு இறக்கி மேலே பல் வைக்கிற வேலையை மூன்று தடவையாகச் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பலசரக்குக் கடைக்காரர் பெண்டாட்டி விடுவாளா? குளச்சல் மீன் ஏலத்தில் நிற்பவள் மாதிரி மல்லுக்கட்டி, எட்டுப் பல்லையும் ஒரே நாளில் முடிக்க வைத்து முப்பதாயிரம் குறைத்துவிட்டாள். மிச்ச ஒன்றேமுக்கால் லட்சம், மகள் சுபிதாவின் நகைக்காகக் கட்டிய சீட்டுப் பணம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைப் பொத்தாமல் ஒரு தடவை சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"வேதனை உண்டா?" கடைக்குப் புறப்பட்ட புருஷன் பகவதியப்பன் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு மூஞ்சி இப்பிடி இருக்கு? டாக்டருக்கு ஒரு போன் பண்ணு."

"போன் பண்ணினா வரச் சொல்லுவாரு. போனா இன்னொரு எக்ஸ்ரே. யாரு குடுப்பா?"

எட்டுத் திருகு இறங்கிய தாடையில் துளி வலி இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அய்யாவழி வீடு, பூஜை அறையில் படம் கிடையாது, விளக்கும் கண்ணாடியும்தான். உச்சிவேளையில் நாமம் இட்டபோது விரல் பட்டதை நெற்றி உணரவில்லை. மரப்பு மேலே ஏறியிருந்தது. தோளைக் கிள்ளிப் பார்த்தாள். அங்கேயும் உணர்வு இல்லை. கைகூப்பி நிமிர்ந்தால், கண்ணாடிக்குள் இருந்த செல்லக்கனியின் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது, பசு அசைபோடுகிற நிதானத்தில். இவள் அசைக்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்தாள். நிற்க வெகுநேரமானது.

ஒரு மாதம் கஞ்சிதான், எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் மழை இறங்கி, ஓட்டின் மேல் சரல்கல் கொட்டுவது போல இரைச்சல் போட்டு, அடுக்களை முழுக்க ஈர விறகும் தேங்காயெண்ணெயும் மணந்துகொண்டிருந்த வேளையில் கரண்ட் போனது. மத்தியானம் சுபிதா பொரித்த ஏத்தவாழைக்காய் வற்றல் டின் பக்கத்தில் இருந்தது. செல்லக்கனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து மரப்பு கைக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. முழங்கை. மணிக்கட்டு. கண்கள் செருகின.

கருக்.

விழித்தாள். இருட்டு.

கருக். கருக்.

தன் வாய்தான். கை தன்னால் டின்னுக்குள் போயிருக்க வேண்டும். கடிக்கக் கூடாது என்றாரே! ஆனாலும் அடிமனதில் ஒரு சின்ன சந்தோஷம். பல் நன்றாகக் கடிக்கிறது. பணம் வீண் போகவில்லை. ருசிதான் தெரியவில்லை. உப்பு மட்டும் லேசாக, தொண்டையில்.

செல்போன் வெளிச்சத்தோடு சுபிதா வந்தாள்.

"அம்மா, என்னத்த சவைக்க?"

வற்றல்தான் மக்கா என்று சொல்லப் பார்த்தாள். வாய் நிறைந்திருந்தது.

"வற்றல் டின்ன நான்லா அப்பமே முன் அறைக்குக் கொண்டுபோனேன்." சுபிதாவின் குரல் இறங்கியது. "நீ என்னத்தம்மா திங்க?"

வெளிச்சம் முகத்திலிருந்து இறங்கியது. கழுத்து. மார்பு. மடி.

மடியில் இடது கை கிடந்தது. விரல்கள் இரண்டுதான் இருந்தன.

சுபிதா அலறினாள். செல்லக்கனியும் அலற நினைத்தாள். நிறுத்த நினைத்தாள். புதுப் பற்கள் நிற்கவில்லை.

கருக்.

வலது கை தன்னால் வாய்க்கு உயர்ந்துகொண்டிருந்தது.