குளம் மறக்காத முகம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆவரங்குளத்து வாசலில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கழுத்திலும் கேமரா. எல்லார் உடம்பிலும் துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்த சட்டை. புதுத்துணி உடுத்திக்கொண்டு யாரும் பறவை பார்க்க வருவதில்லை. செண்டு பூசி வந்தால் காவலர் சேர்மக்கனி மூக்காலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். வாசலைத் தாண்டினால் கரையோரம் ஒரு கல் இருக்கை. ஒவ்வொருவரும் தனியாகப் போய் அதில் பத்து நிமிடம் உட்கார வேண்டும். முதலில் பறவைகள் அவரைப் பார்க்கும். பிறகுதான் அவர் பறவைகளைப் பார்க்கலாம்.

உலகம்மை ஒன்பதாவதாக நின்றாள். நான்காவதாக நின்றவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஆவுடையப்பன். அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு அன்றைக்குக் கோயிலில் நிற்பதுபோல நிறைவாக இருந்தது.

பறவைகள் லட்சக்கணக்கில் மடிந்த பெருஞ்சாவுக்குப் பின் மிஞ்சிய ஒவ்வொரு பறவையின் தோளிலும் அரிசி மணியளவில் ஒரு நெஞ்சுமணி பொருத்தியிருந்தார்கள். அதன் இதயத்துடிப்பைக் கரையிலிருக்கும் அச்சமானிக் கருவி படிக்கும். விளக்கு பச்சையாக இருந்தால் கேமரா திறக்கும். சிவப்பானால் பூட்டிக்கொள்ளும். ஆயுளில் மூன்று சிவப்பு வாங்கியவனுக்கு நாட்டில் எந்தக் குளத்திலும் இடமில்லை. முதன்முதலாக உட்காரும்போதே சிவப்பு விழுந்தால் லைசென்ஸே கிடையாது. பறவைகள் முகத்தை மறப்பதில்லை, பார்க்காத குஞ்சுகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதனால் மேல்முறையீடும் இல்லை.

வெறும் பொழுதுபோக்காகத்தான் இது தொடங்கியது. இப்போது மானத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்களிடம், மாப்பிள்ளையிடம் பறவை நிற்குமா என்று கேட்காத வீடு இல்லை. சிவப்பு வாங்கியவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. எந்த உயிரும் நம்பாத ஆளை மனிதன் எப்படி நம்புவான்?

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பார்வையை வாங்கியவள் உலகம்மை. தெற்குக் கரைக் கருவேல மரத்தில் செந்நாரை கூடு கட்டியிருப்பதை முதலில் கண்டவள் அவள். தூரத்திலிருந்தே பார்த்து, வாய் திறக்காமல் இருந்தாள். அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அவனுடைய நுழைவுச்சீட்டு காலாவதியாகியிருந்ததால் தன் சீட்டையும் கொடுத்தாள். பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். படத்தில் குஞ்சு தெளிவாக விழவேண்டும் என்று அந்தப் பாவி கூட்டை மறைத்திருந்த கொப்புகளை வெட்டினான். நிழல் போயிற்று. இரண்டு நாள் சித்திரை வெயிலில் மூன்று குஞ்சும் கருகிச் செத்தன. தாய்ப்பறவை காலியான கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சுமணி வெடிக்கிற அளவுக்குத் துடித்ததைக் கருவி பதிவுசெய்தது. சீட்டு யார் பெயரில் இருந்ததோ அவளுக்கு ஏழு வருடத் தடை.

விசாரணையில் அவன் அவள் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னான். தங்கச்சி விவரமில்லாமல் செய்துவிட்டாள், மன்னித்துவிடுங்கள் என்று கண்ணீர்கூட விட்டான். அம்மா அவனைத்தான் நம்பினாள். அதே படத்தை வேறு குளத்தில் எடுத்ததாகக் காட்டி அனுப்பி, மறு வருடம் ஆண்டின் சிறந்த ஒளிப்படம் என்று பட்டயமும் வாங்கினான். அது அவன் வீட்டுக் கூடத்தில் சந்தனமாலையோடு தொங்குகிறது.

அன்றோடு அவள் உறவை வெட்டிவிட்டாள். மகள் வடிவுக்கு அப்போது ஒன்பது வயது. பெற்றெடுத்த நாளிலிருந்தே பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். உலகம்மை அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்தாள். சொன்ன சித்தியை வாசலோடு அனுப்பினாள். பிறகு யாரும் சொல்லவில்லை. வடிவும் தூத்துக்குடி விடுதிக்குப் படிக்கப் போய்விட்டாள்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அதுவரை காத்திருக்க உலகம்மைக்குப் பொறுமை இல்லை. ஆஸ்பத்திரியில் விபத்தில் மூக்கும் காதும் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்வது அவள் வேலை. அண்ணனின் லைசென்ஸ் படத்தை வைத்துக் களிமண்ணில் அவன் முகத்தைப் பிடித்தாள். முன்தள்ளிய நெற்றி, நடுவில் மேடிட்ட மூக்கு, இடப்பக்கம் சற்றே இறங்கிய தாடை. மீசை வைக்காதவன், அதனால் வேலை சுலபம். அதிலிருந்து ரப்பர் முகமூடி வார்த்தாள்.

குளத்து வேலிக்குள் போனால்தானே கருவி பார்க்கும்? வேலிக்கு வெளியே வயல்களில் பறவைகள் இரை தேடும். அங்கே அச்சமானி கிடையாது. தடைக்காலத்தின் கடைசி இரண்டு வருடமும் விடுமுறை நாள் தவறாமல் அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினாள். ஒரு கையில் தகரம், மறு கையில் செத்த நாரை மாதிரி செய்த ரப்பர் பொம்மை. தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவாள். பறவைகள் அலறி எழும். அவை அவள் நேசித்த பறவைகள். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டு அடுத்த வாரமும் போவாள்.

பலன் கிடைத்தது. போன பருவத்தில் அண்ணனுக்கு முதல் சிவப்பு. பொங்கலுக்கு முந்தின வாரம் இரண்டாவது. அதற்கு முன்பே அவள் தடை முடிந்து முகம் கழுவிய மாதிரி உள்ளே வந்திருந்தாள். அவளைப் பார்த்த பறவைகள் ஒரு சிறகைக்கூட அசைக்கவில்லை.

ஆவுடையப்பன் கல்லில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். அரை நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்துத் திட்டிலிருந்த கூழைக்கடாக்கள் முதலில் எழுந்தன. அப்புறம் நாரைகள், சிறகிகள், குளமே காலியாகிவிட்டது. விளக்கு சிவப்பாக எரிந்தது. சேர்மக்கனி தலையைக் குனிந்துகொண்டு அவன் கேமராவை வாங்கி லைசென்ஸ் தகட்டைக் கழற்றினார். அறுபது வயது ஆம்பளை, தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையைக் கடந்து திரும்பி வந்தான். உலகம்மைக்கு எதிரே நின்றான். ஒன்பது வருடத்துக்குப் பின் வாய் திறந்து பேசினான்.

"அதுகளுக்கு என் மேல என்ன கோவம், உலகு? நான் இப்ப ஒண்ணுமே செய்யலியே."

"கொப்ப வெட்டுனவன் மூஞ்சிய அதுக மறக்குமாண்ணே."

 அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று அவள் வஞ்சிரம் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, இரண்டு கை சோறு கூடுதலாகவே சாப்பிட்டாள். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தான் செய்யும். முகமூடியைக் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்தினாள். ரப்பர் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. அதுகூட மணமாக இருந்தது.

மறு மாதம் வடிவு பதினெட்டு முடிந்து விடுதியிலிருந்து வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தன் சேமிப்பில் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தாள். நான்கு வருடமாகப் பறவைகளின் குரலைப் படித்து, நூற்றுப்பத்து குரல்களை இனம் காணக் கற்றிருந்தாள். குளத்துறையில் ஆய்வாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். லைசென்ஸ் வந்துவிட்டால் வேலை உறுதி. முதல் உட்காருதலுக்கு அம்மாதான் கூட வரவேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையில் அன்று அவர்கள்தான் முதல். மகளுக்கு விபூதி பூசி உள்ளே அனுப்பிவிட்டு உலகம்மை வேலியோரம் நின்றாள். அம்மா சொல்லிக் கொடுத்தபடியே வடிவு மெதுவாக நடந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சம் ஏறி அவள் முகத்தில் விழுந்தது.

முதலில் எழுந்தவை கூழைக்கடாக்கள். பிறகு நாரைகள். கடைசியாக இந்தப் பருவத்தில் பொரிந்த நாரைக்குஞ்சுகள். இறக்கை முழுதாக வளராதவை, ஆவுடையப்பனை ஒருநாளும் பார்த்திராதவை, தத்தித் தத்தித் தண்ணீரில் விழுந்து தாய்க்குப் பின்னால் ஓடின. விளக்கு சிவப்பானது.

சேர்மக்கனி வடிவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தாங்கமாட்டாமல் சொன்னார்.

"அப்படியே தாய்மாமன உரிச்சு வச்சிருக்கீகம்மா. அதுக என்னத்தக் கண்டுச்சு? ஆயுசுக்கும் இப்படித்தான். இதுகளோட குஞ்சுகளும் இப்படித்தான் பறக்கும்."

ஒன்பது வருடமாக வாசலோடு நிறுத்திவைத்த வார்த்தை. வடிவு கல்லை விட்டு எழுந்து, திறக்காத கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். 

"நான் அசையவே இல்லம்மா. ஒண்ணுமே செய்யல. என்னையப் பாத்து எதுக்கு அப்படிப் பயப்படுது?"

உலகம்மை இரண்டு கையாலும் மகளின் முகத்தைப் பிடித்தாள். முன்தள்ளிய நெற்றி, மேடிட்ட மூக்கு, இடப்பக்கம் சற்றே இறங்கிய தாடை. களிமண்ணில் எத்தனையோ நாள் தடவித் தடவிச் சரிசெய்த அளவு. அவள் விரல்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.