பொணத்துக்கு எந்த வாட்ச்?

“டைவ் வாட்ச்சே கட்டிடலாம் மணிமொழி. அதான் அவனுக்கு உசுரு!”

“அதக் கட்டிக்கினுதான் உசுரே போச்சு மாமா... டிரஸ் வாட்ச் கட்டுங்க!”

மார்ச்சுவரி வாசல்.

ஸ்ட்ரெச்சரில் இளஞ்செழியன். வெள்ளைத் துணிக்கு வெளியே இடது கை மட்டும்!

தலைமாட்டில் அவன் தங்கை மணிமொழி. எதிரில் அவன் மனைவியின் அண்ணன் கலையரசன். நடுவில் சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கர்.

இரண்டு வாட்ச்.

ஒன்று, இளஞ்செழியன் ஆசையாக வாங்கிய டைவ் வாட்ச். தடித்த எஃகு. தண்ணீருக்குப் பயப்படாது. நேற்று கோமுகி அணையில் பிணமாக மிதந்தபோது கையில் இருந்தது.

இன்னொன்று, கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்டது. மெல்லிசு. தங்க நிறம். தோல் பட்டை.

“நீச்சல் வாட்ச் கட்டிக்கினு எறங்கிருக்கான். மூச்சு முட்டிருச்சு,” என்றார் சிவசங்கர். “கையெழுத்துப் போட்டு பாடிய வாங்கிக்கம்மா.”

“போட மாட்டேன்!”

“இன்னாம்மா இது?”

“அந்த டேம்லயே வளந்தவன் சார் எங்கண்ணன். அவன் முழுகிட்டான்னு நான் நம்பணுமா? இன்னிக்கி எரிச்சுட்டா நாளைக்கி யாருகிட்ட போய் கேக்கறது? இது கொலை!”

“ஆதாரம்?”

“மாமா மொதல்ல வாட்ச் கட்டட்டும். மாப்பிள்ளைக்கு மச்சான்தான கட்டணும்? கல்யாணத்துலயும் இவருதான கட்டுனாரு!”

கலையரசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தான். விறைத்த கையைத் தூக்கி டிரஸ் வாட்ச்சைக் கட்டினான்.

மணிமொழி சிரித்தாள்!

பிணத்துக்குப் பக்கத்தில்... சிரிப்பு!

“பாருங்க சார்! தலகீழா கட்டிருக்காரு!”

உண்மைதான். வாட்ச்சின் ஓரத்தில் முள்ளைத் திருப்பும் திருகு விரல் பக்கம் இல்லை. முழங்கைப் பக்கம்!

“மேடையிலயும் இதே கூத்துதான். எதிர நின்னு தன் கண்ணுக்கு நேரா கட்டுவாரு. வீடியோக்காரன்கூட சிரிச்சான். சார், நேத்து பாடிய கரையில போட்டு நீங்க எடுத்த போட்டோவ இப்ப பாருங்க!”

சிவசங்கர் போனைத் தடவினார்.

ஈரக் கை. டைவ் வாட்ச். திருகு...

முழங்கைப் பக்கம்!

“அவன் கட்டல... நீந்த எறங்குனான்னு காட்ட வேற யாரோ கட்டி விட்டிருக்காங்க!” சிவசங்கர் குரல் மாறியது. “ஆனா எதிர நின்னா யாரு கட்டுனாலும் இப்டி வருமேம்மா?”

“அப்டிக் கேளுங்க சார்!” கலையரசன் துள்ளினான். “நான் நேத்து ஃபுல்லா சின்னசேலம். அவன் மூஞ்சியகூட பாக்கல!”

“வுடுங்க சார்,” மணிமொழி உதட்டைச் சுழித்தாள். “கல்வராயன் மலையிலேர்ந்து திருட்டுச் சந்தனக்கட்டை எறக்கத்தான் இவரு லாயக்கு. போலீசுல சொல்லிடுவேன்னு எங்கண்ணன் மெரட்டுனப்பவே நடுங்குனவரு. ஒரு வாட்ச் கட்டத் துப்பில்ல... இவரு எங்க கொலை பண்றது!”

“யாருக்குடி துப்பில்ல?”

கலையரசனின் நெற்றி நரம்பு புடைத்தது.

“அன்னிக்கி மேடையில ‘மாத்திக் கட்டு மச்சான்’னு அத்தினி பேரு முன்னால மானத்த வாங்குனான்! நேத்து கட்டறப்ப வாயத் தொறந்தானா அவன்?”

சிவசங்கர் சட்டென்று நிமிர்ந்தார்.

கலையரசன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். லேட்!

“செத்தவன் எப்டிப்பா வாயத் தொறப்பான்?”

கேட்டுக்கொண்டே சிவசங்கர் விலங்கை எடுத்தார்.

க்ளிக்!

“இத எப்டி மாட்டுனாலும் தலகீழா வராது மாமா!” என்றாள் மணிமொழி.

அண்ணன் கையிலிருந்து டிரஸ் வாட்ச்சை அவிழ்த்தாள்.

டைவ் வாட்ச் கோர்ட்டுக்குப் போகிறது. டிரஸ் வாட்ச்சோ, கொன்றவன் கட்டி விட்டது!

நீங்க மணிமொழியா இருந்தா... அந்தக் கையில எதைக் கட்டுவீங்க?