அசையாமல் இரு

அவள் மாடிப்படி ஏறும்போது தையல்காரரின் அறை திறந்து கிடந்தது. பாதி வெட்டிய துணியிலேயே கத்தரிக்கோல் நின்றிருந்தது. இவரும் காலி செய்துவிட்டாரா? நல்லதுதான்.

போன வாரம் அவர் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த அறையைப் படமெடுத்திருந்தாள். கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தால் நடமாடும் மனிதர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். பெயர்ந்த சுவரும் துருவும் ஈரக்கறையும் மட்டும் மிஞ்சும். அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தவை அந்தப் படங்கள்தான்.

இடிந்து விழக் காத்திருந்த கட்டடத்தில் இப்போது அக்கா ஒருத்திதான் பாக்கி. இன்று எப்படியாவது அவளை வெளியே இழுத்துவர வேண்டும்.

சமையலறையில் ஈரச் சுண்ணாம்பும் பொங்கி வழிந்த பாலும் கலந்த வாடை. அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் அந்தச் சனியனைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் அக்கா, கேமராவைப் பார்த்து.

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். கூரை தலையில விழுந்தாத்தான் கிளம்புவியா?"

"கூரை கிடக்கட்டும். நீ படம் எடுத்த வீடெல்லாம் காலியாகுதே, கவனிச்சியா? செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. செருப்பில்லாம யாருடி வீட்டைக் காலி பண்ணுவா?"

"ஆமா, நான்தான் எல்லாரையும் முழுங்கிட்டேன்."

"பாழடைஞ்ச சுவருன்னா உனக்குக் கொண்டாட்டம். நடுவுல மனுஷங்க வந்தாதான் எரிச்சல்."

அது உண்மை என்பதாலேயே அவளுக்குக் காதுவரை சூடேறியது. கேமரா முக்காலியை விரித்துத் தரையில் ஓங்கி ஊன்றினாள்.

"அப்படி உட்காரு. அசையாதே. அசையாம இருந்தா பதிஞ்சுதான் ஆகணும். உன் படத்தை உன் கண்ணாலயே பாரு."

அக்கா சுவரை ஒட்டிய நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக அமர்ந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. அந்த ஏச்சையும், அடுப்பின் சீறலையும், சுவருக்குள் எங்கோ மணல் சரிவதுபோன்ற மெல்லிய ஓசையையும் கேட்டபடி, குனிந்த தலை நிமிராமல், அவள் வன்மத்தோடு ஷட்டர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். போதும் என்று விரல் சொன்னது. கோபம் விடவில்லை.

"சின்ன வயசுலேருந்தே நீ..."

பேச்சு நின்றது.

அடுப்பும்.

கோபித்துக்கொண்டாளா? விரலை எடுத்தாள். திரையில் படம் வந்தது. நாற்காலி காலி. அடுப்பின்மேல் தடித்த தூசி.

நிமிர்ந்தாள். நாற்காலி காலி. அடுப்பின்மேல் தடித்த தூசி.

"அக்கா."

பழைய படங்களைத் திரையில் பின்னோக்கித் தள்ளினாள். தையல்காரர் அறை. சுவரில் ஈரக்கறை. குனிந்து தைக்கும் முதுகின் வடிவம். எதிர்வீடு. இரண்டு கறைகள். ஒன்றையொன்று பிடித்தபடி. எல்லோரும் பாராட்டிய கறைகள்.

மெதுவாக மறுபடி நிமிர்ந்தாள். நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பெயர்ந்திருந்தது. ஓரிடம் மட்டும் பெயரவில்லை. கை கட்டி உட்கார்ந்த ஒரு பெண்ணின் வடிவம்.

வாய் இருக்கவேண்டிய இடத்திலிருந்து காரை ஒரு துண்டு உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வேகவேகமாக.

அக்கா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.